குழாயடிப் பெண் மீது அறுபத்து மூன்று சந்தேகங்கள்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மடக்கு மேஜை போட்டு மனு எழுதுகிறவன் நான். இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஓடை ஆக்கிரமிப்பு, பக்கத்து வீட்டுக்காரனின் சேவல் என்று இந்த ஜில்லாவின் வயிற்றெரிச்சல் முழுக்க என் பேனா வழியாகத்தான் மேலே போயிருக்கிறது. மேலே போனது திரும்பி வந்ததா என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் எழுதிய மனுவால் யாருக்கும் நல்லது நடந்ததோ இல்லையோ, கெடுதல் நடந்ததில்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. போன வருடம் ஒரு பழைய துப்பறியும் படம் வந்து அந்தத் திமிரை அடக்கிவிட்டது.

படத்தின் பெயர் ‘வெள்ளைக் கையுறை’. கறுப்பு வெள்ளைப் படம், வந்து அறுபது வருடம் இருக்கும். ஒரு பண்ணையார் கொலையாகிறார், தொப்பி வைத்த துப்பறிவாளர் ஒருவர் ரயிலில் வந்து இறங்குகிறார், எல்லோரும் சிகரெட் பிடிக்கிறார்கள். இரண்டு வாரம் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போன படத்தை அதன் பிறகு யாரும் தேடவில்லை. ஓடைப்பட்டி ராக்கப்பன் அண்ணன் மட்டும் தேடிக்கொண்டிருந்தார்.

அதைக் கண்டெடுத்தது ‘தொன்மைத் திரைப்படப் பார்வையாளர் கருத்துத் திரட்டு வாரியம்’. இது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று நானும் விசாரித்தேன். அங்கே வேலை பார்க்கிறவர்களும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய படங்கள் வந்த காலத்தில் மக்களிடம் முறைப்படி கருத்துக் கேட்கவில்லை, கருத்துக் கேட்காத படம் முழுமையடையாத படம் என்பது வாரியத்தின் கொள்கை. ஆகவே படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டி, படிவத்தில் கருத்து வாங்கி, வந்த கருத்தின்படி படத்தைத் திருத்தி, ‘பார்வையாளர் ஒப்புதல் பெற்ற பிரதி’ என்று வெளியிடுவார்கள். ‘வெள்ளைக் கையுறை’யில் தேனி ரயிலடி நாலு நிமிடம் வருவதால் கருத்துச் சொல்லும் பொறுப்பு தேனிக்காரர்கள் தலையில் விழுந்தது.

வாரியத்தின் அழைப்பு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு ராக்கப்பன் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். அறுபத்திரண்டு வயது. ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். சட்டைப் பையில் எப்போதும் கொடி நறுக்குகிற கவாத்துக் கத்தரி இருக்கும்.

“தம்பி, இந்தப் படத்துல எங்க ஆத்தா இருக்கு.”

நடிகை என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“நடிச்சதுலாம் இல்ல. எங்கய்யா அப்ப ரயிலடியில மூட்ட தூக்குனாரு. அங்கனதான் குடியிருப்பு. படம் பிடிக்க வந்த அன்னைக்கு ஆத்தா குழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். வெலகச் சொல்ல மறந்துட்டாக. எனக்கு ரெண்டு வயசு இருக்கையில காமாலையில செத்துப்போச்சு. ஒரு போட்டோ கெடையாது தம்பி. ஆத்தா மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

படம் வெளியானபோது அவருடைய அம்மா அக்கம்மாள் உயிரோடு இல்லை. அண்ணனின் அப்பா ஒன்பது நாள் தொடர்ந்து டிக்கெட் எடுத்துப் போனாராம். ரயிலடிக் காட்சி முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவாராம். கொலைகாரன் யார் என்பது சாகும்வரை அவருக்குத் தெரியாது.

“படிவம்லாம் எழுதணுமாம். நீங்க கூட வாங்க” என்றார். நான் போனேன்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்குக் காட்சி. வந்திருந்த பார்வையாளர்கள் எட்டுப் பேர். மேடையில் பதினோரு பேர். முதலில் கைப்பேசிகளை ஒரு சாக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கதையின் முடிவு வெளியே கசியக்கூடாதாம். பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, அதன் பிறகு உறுதிமொழி. எட்டுப் பேரும் எழுந்து வலது கையை நீட்டி, ‘கொலைகாரர் யார் என்பதை மனத்தாலும் வாக்காலும் கைப்பேசியாலும் வெளியிட மாட்டேன்’ என்று சொன்னோம். அடுத்து வாரியத்தின் தலைமைக் கருத்தாளர் மகிழன் பேசினார். நல்ல நிறம், நல்ல வேட்டி, நல்ல குரல். கடவுள் அவருக்கு எதையும் குறைவாக வைக்கவில்லை, கேட்கிற பழக்கத்தைத் தவிர.

“பார்வையாளப் பெருமக்களே! துப்பறியும் படத்தின் உயிர் அதன் மர்மத்தில் இருக்கிறது. கடைசியில் டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரியவரும்போது ஏற்படுகிற அந்த அதிர்ச்சியை நீங்கள் பிறருக்குக் கெடுத்துவிடக்கூடாது. அதற்காகத்தான் இந்த உறுதிமொழி.”

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஒன்றேகால் மணி நேரம் பேசிவிட்டுப் படத்தைப் போட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ‘கருத்து இடைவேளை’. துப்பறிவாளர் மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்க, மண்டபத்து விளக்குகள் எரியும். நதியா என்கிற பெண், படிவம் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு, ஒவ்வொருவரிடமும் வந்து, “இப்ப வரைக்கும் யார் மேல சந்தேகம் சார்?” என்று கேட்பாள். டாக்டர் மேல் என்று சொன்னால் முடிவை வெளியிட்ட குற்றம் ஆகிவிடும். ஆகவே எட்டுப் பேரும் சமையல்காரனைச் சந்தேகித்தோம். பாவம் அவன்.

இரண்டாவது இடைவேளைக்குப் பிறகு ரயிலடி வந்தது. சாயங்கால வெயில். புகைவண்டி மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. துப்பறிவாளர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்கிறார். அவருக்குப் பின்னால், ரயில் மேடையின் ஓரத்தில், ஒரு குழாய். ஒரு பெண் பித்தளைக் குடத்தை நிமிர்த்தி இடுப்பில் வைக்கிறாள். வண்டி ஊதுகிறது. சட்டென்று திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். நாலு நொடி.

ராக்கப்பன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். சாட்சி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அவருடைய மூக்கு அப்படியே அந்தத் திரையில் இருந்தது. பிறகு படத்தில் என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“சின்னப் புள்ளையா இருக்கே தம்பி. என் கடைசி மகள விடச் சின்னப் புள்ளையா இருக்கே.”

இருபத்தாறு வருடமாக அடுத்தவர் கண்ணீரை வாக்கியமாக மாற்றியே பிழைக்கிற எனக்கு, அன்றைக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.

காட்சி முடிந்ததும் இருவரும் மகிழனிடம் போனோம். அந்த ஒரு காட்சியை மட்டும் ஒரு போட்டோவாகக் கொடுக்க முடியுமா என்று அண்ணன் கேட்டார். மகிழன் அவர் தோளில் கை வைத்தார்.

“ஐயா, உங்கள் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவருக்கு வந்தால் அது உணர்ச்சி. ஐம்பது பேருக்கு வந்தால்தான் கருத்து. ஒரு காட்சியைக் குறிப்பிட்டு ஐம்பது படிவம் வந்துவிட்டால் அது முக்கியக் காட்சி ஆகிவிடும். முக்கியக் காட்சியைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடி போட்டு நாங்களே கொடுப்போம். விதி அப்படி.”

அண்ணன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஐம்பது பேர் என்பது எனக்குப் பெரிய விஷயமா? கண்மாய் தூர்வார நூற்றெழுபது கையெழுத்து வாங்கியவன் நான்.

அடுத்த வாரக் காட்சிக்கு ஓடைப்பட்டியிலிருந்து இரண்டு மினி லாரியில் ஆள் வந்து இறங்கியது. தோட்டத்தில் கவாத்து நடக்கிற நேரம், ஒரு நாள் வேலையை விடுவது சாதாரணம் இல்லை. ஆனாலும் வந்தார்கள். முருகம்மாள் என்கிற கிழவி, அக்கம்மாளை ஒருமுறை பார்த்தவள், வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ரயிலடிக் காட்சி வந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. முருகம்மாள் சத்தமாகச் சொன்னாள்.

“ஏலே ராக்கு, அவதாண்டா! அக்கம்மாளேதான்! அன்னைக்கும் இப்படித்தான் வெடுக்குனு திரும்புனா!”

மேடையில் இருந்தவர்கள் அமைதி, அமைதி என்றார்கள். அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். அறுபது வருடத்தில் அவர் அம்மாவைப் பற்றி அவருக்குக் கிடைத்த புதுச் செய்தி அது.

அப்புறம் படிவம். முப்பத்து நாலு கேள்விகள். ஒளிப்பதிவு எப்படி, பின்னணி இசை பயமுறுத்தியதா, துப்பறிவாளரின் தொப்பி பொருத்தமா என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவராக வந்துபோகிறவரைப் பற்றி எழுத மட்டும் எங்கும் இடம் இல்லை. மேலும் கீழும் நான்கு தடவை படித்தேன். பதினேழாவது கேள்வியில் மட்டும்தான் ஆளின் அடையாளம், காட்சி, நிமிடம் என்று மூன்று கட்டம் இருந்தது. கேள்வி: ‘நீங்கள் யாரைச் சந்தேகித்தீர்கள்?’

“இது சந்தேகத்தை இல்ல கேக்குது?” என்றார் அண்ணன்.

“கேள்வியப் பாக்காதீகண்ணே. கேள்விய யாரு படிக்கிறா? மேல இருக்கிறவுக எண்ணிக்கையத்தான் பாப்பாக. விசயம் உள்ள ஏறணும், அவ்வளவுதான்” என்றேன்.

இது என் தொழில் அனுபவம். தெருவிளக்குக் கேட்கிற மனுவைக் குடிநீர்ப் படிவத்தில் எழுதி ஜெயித்திருக்கிறேன். மண்டப வாசலில் உட்கார்ந்து அறுபத்து மூன்று படிவத்தையும் என் கையாலேயே நிரப்பினேன். ‘ரயிலடியில் குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண். நாற்பத்து மூன்றாம் நிமிடம்.’ ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். படிவத்தை வாங்கிய நதியா பதினேழாம் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். மகிழன் கூப்பிட்டார், போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு அறிவிப்புக் கூட்டம். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடி போட்ட படத்தைச் சுற்றி எடுத்துப் போக ஒரு துண்டும் கொண்டுவந்திருந்தார். மகிழன் ஒலிபெருக்கி முன்னால் நின்று தாளைப் பிரித்தார்.

“வாரிய வரலாற்றிலேயே இல்லாத ஒற்றுமையைத் தேனி காட்டியிருக்கிறது. வந்த படிவங்கள் எழுபத்தொன்று. அதில் அறுபத்து மூன்று பேர் ஒரே நபரைச் சந்தேகித்திருக்கிறார்கள். குழாயடிப் பெண். கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்! அவர் யாரையும் கொல்லவில்லை. எந்த வசனமும் பேசவில்லை. பொதுமக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அவரைக் கொலைகாரி என்று நினைத்திருக்கிறார்கள். பெண்மைக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! வாரியம் கைகட்டி நிற்குமா? நிற்காது. அந்த அப்பாவிப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற, அவரைப் படத்திலிருந்து நீக்கிவிட்டோம்.”

மேடையில் கை தட்டினார்கள். மண்டபத்தில் யாருக்கும் உடனே விளங்கவில்லை. அண்ணன் துண்டை மடியில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி சொல்றாக? போட்டோ எப்பத் தர்றாகளாம்?”

எழுந்து நின்று, குற்றம் என்னுடையது, யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை, எல்லாப் படிவத்தையும் நிரப்பியது என் கை என்று மகிழனிடம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை.

“சண்முகராஜ், நீங்கள் படித்தவர். ஒரே கை எழுதிய அறுபத்து மூன்று கருத்தும் செல்லாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பேச்செடுக்கப்பட்ட ஒரு பாத்திரத்துக்குக் கிடைத்த கருத்து பூஜ்யம். பூஜ்யம் வாங்கிய பாத்திரமும் நீக்கப்படும். உங்களுக்கு எந்த விதி வசதி?”

“அப்ப மூட்டை தூக்குறவுக, டீ விக்கிறவுக, அவுகளுக்கும் பூஜ்யந்தான சார்?”

“அவர்களைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லையே. யாரும் பேச்செடுக்காத எதையும் வாரியம் தொடாது.”

பழைய பிரதியையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அதுதான் மகிழனைப் புண்படுத்தியது. ஒரே படத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் இரண்டு கருத்து வரும், அதனால் திருத்தம் முடிந்த அன்றே மூலச் சுருளை முறைப்படி அழித்துவிட்டோம், அழித்ததற்குச் சான்றிதழ் இருக்கிறது, வேண்டுமானால் அதில் ஒரு நகல் தருகிறேன் என்றார்.

அண்ணன் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “ஐயா, எங்க ஆத்தா யாரையும் கொல்லலைங்கய்யா” என்றார்.

“அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்” என்றார் மகிழன்.

அன்றைக்கு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அண்ணன் திட்டவில்லை. பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும், “ஒருக்க பாத்துட்டேன்ல. ரெண்டுவாட்டி. அது போதும் தம்பி, நீங்க மனசக் கொழப்பிக்கிறாதீக” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு வாரம் நான் மேஜை போடவில்லை.

ஒப்புதல் பெற்ற பிரதியின் முதல் காட்சிக்கு நாங்கள் போயிருக்கவே வேண்டாம். ஆனால் முன்பு கருத்துச் சொன்னவர்கள் கட்டாயம் வந்து திருப்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஊருக்குக் கடிதம் வந்தது. மறுபடியும் மினி லாரி, மறுபடியும் உறுதிமொழி. ரயிலடி வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார்.

நிமிர்ந்தேன். துப்பறிவாளர் தொப்பியைச் சரிசெய்கிறார். பின்னால் குழாய் மட்டும் நிற்கிறது. பெண் இல்லை. குடமும் இல்லை. ஆனால் சாயங்கால வெயிலில் ரயில் மேடை முழுக்க நீளமாக ஒரு நிழல் கிடந்தது. அந்த நிழல் குனிந்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தது. வண்டி ஊதியதும் வெடுக்கென்று தலையைத் திருப்பியது.

கருத்து இடைவேளை விளக்கு எரிந்ததும் நதியா படிவக்கட்டோடு என்னிடம் வந்தாள். குனிந்து, உதடு அசையாமல் பேசினாள்.

“சார், சென்னையில படத்தத் திருத்துற எடத்துக்குப் போன வேலை உத்தரவுல ‘பெண், ஒன்று, குடம், ஒன்று’ன்னுதான் இருந்துச்சு. நெழலை யாரும் எழுதல. அங்கயும் உத்தரவுல இருந்தத மட்டும் அழிச்சுட்டு அனுப்பிட்டாங்க. மகிழன் சார் இன்னும் கவனிக்கல. யாராச்சும் படிவத்துல எழுதுனா அடுத்த மாசம் அதையும் எடுத்துருவாங்க.”

அண்ணன் அதைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. எழுந்து ஒவ்வொரு வரிசையாகப் போனார். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தார்.

“ஒண்ணும் எழுதாதீக. நெழலப் பத்தி மூச்சு விடாதீக. ஒங்க கால்ல விழுறேன்.”

முருகம்மாளிடம் மட்டும் அதிக நேரம் நின்றார். அவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

படம் முடிந்து, டாக்டர் பிடிபட்டு, வணக்கம் போட்டார்கள். அறுபத்து மூன்று படிவங்களும் வெறும் தாளாகத் திரும்பிப் போயின. என் கையில் பேனா இருந்தது, நான் அதைத் திறக்கவில்லை. மகிழன் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தேனி மக்களுக்குக் கருத்தே இல்லை என்று மேலே எழுத முடியாது. அவருக்கு ஒரு சொல்லாவது வேண்டியிருந்தது. போன தடவை மேடைக்கு அருகே வந்து நின்றவரை நினைவு வைத்திருந்து, அண்ணனை மேலே அழைத்தார். தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்.

“ஐயா, கூச்சமில்லாமல் சொல்லுங்கள். இப்போது அந்தக் குழாயடியில் யாராவது உங்கள் கண்ணில் படுகிறார்களா?”

அண்ணன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இல்லைங்கய்யா.”

“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு அடையாளம்?”

“அங்கன யாருமே இல்லைங்கய்யா. கொழாய் மட்டுந்தான் நிக்கிது.”

“கேட்டீர்களா! இதுதான் வாரியத்தின் வெற்றி!” என்றார் மகிழன். மேடை கை தட்டியது. இந்தத் தடவை ஓடைப்பட்டி சனமும் சேர்ந்து தட்டியது. நதியா தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டில் எழுதினாள்.

அண்ணன் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பெத்தவள இல்லன்னு மைக்குல சொல்லிட்டேன் தம்பி” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாக்கிலிருந்து கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கும் இதே படந்தான?”

“ஆமாண்ணே. பத்து மணிக்கு.”

“நான் ஒத்தையில வர்றேன். ஊர் ஆளுகளக் கூட்டியார வேணாம். நீங்களும் வராதீக தம்பி. கூட்டமா வந்தா யாராச்சும் ஆத்தா பேச்செடுத்துருவாக.”